தம்பி திருப்பூரில் இருந்தான், தீர்ப்போ ஆயுள் தண்டனை: இனி என்ன செய்வது?

கேள்வி:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டியைக் கொன்று நகையை எடுத்த வழக்கில் என் தம்பிக்குப் போன மாதம் சேஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். சம்பவம் நடந்த ராத்திரி அவன் திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட்டில் இருந்தான். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை கம்பெனி வாசலில் வைத்துத்தான் போலீஸ் அவனைக் கூட்டிப்போனது. ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் விலக்கில், பஸ் ஸ்டாப்பில் நின்றவனைப் பிடித்ததாக எழுதியிருக்கிறார்கள். வி.ஏ.ஓ. முன்னால் ஒப்புக்கொண்டதாகவும், கருவேலங்காட்டிலிருந்து ஒரு ஜோடி கம்மலை எடுத்துக் கொடுத்ததாகவும் வழக்கு. அடி தாங்காமல் கையெழுத்துப் போட்டேன் என்கிறான். எங்கள் வக்கீல் பெரிதாக எதையும் கேட்கவில்லை. நான் புதன்கிழமையே முதல்வர் தனிப்பிரிவுக்கு ஆன்லைனில் மனு போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஒருவர் 3 லட்சம் கொடுத்தால் மேலிடத்தில் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், தப்பை ஒத்துக்கொண்டு நன்னடத்தையில் சீக்கிரம் வெளியே வரட்டும் என்கிறார். அவன் நிரபராதி என்று நாங்கள் எப்படி நிரூபிப்பது? நஷ்டஈடு கிடைக்குமா? அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் தேதியைப் பார்த்துக்கொள்வோம், மற்றதெல்லாம் அப்புறம். சேஷன்ஸ் கோர்ட் கொடுத்த ஆயுள் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக உங்களுக்கு இருப்பது 60 நாள், உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. போன மாதம் தீர்ப்பு என்றால் பாதி நாள் ஓடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பின் நகலை ஒரு பைசா வாங்காமல் தம்பி கையில் அன்றே கொடுத்திருக்க வேண்டும், அது சட்டம். கொடுக்கவில்லை என்றால் உடனே நகல் மனு போடுங்கள், நகல் தயாராக ஆகிற நாட்களை 60 நாள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கெடு தாண்டினாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட வழி இருக்கிறது, ஆனால் அந்த நிலைமைக்குப் போக வேண்டாம்.

பணம் இல்லை என்பதற்காக ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சிறையில் இருக்கிற யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ல் வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், இல்லையென்றால் மதுரைக் கிளையில் இருக்கிற சட்டப்பணிகள் குழுவுக்கு நேரே போகலாம். தம்பியே சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவும் மேல்முறையீட்டை அனுப்பலாம், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் லலித்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 2000-ல் பாலியல் வழக்கில் கைதானார், 2003-ல் தண்டனை. சிறையிலிருந்தே மேல்முறையீடு அனுப்பினார். அதில் ஏதோ குறை என்று ஓரமாக வைக்கப்பட்ட அந்தக் கட்டு 16 வருடம் அப்படியே கிடந்தது. 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் எடுத்துப் பார்த்து, வழக்கே நிற்காது என்று விடுதலை செய்தபோது அவர் 20 வருடம் உள்ளே இருந்து முடித்திருந்தார். அந்த 16 வருடத்தில் யாராவது ஒருவர் போய், மனுவுக்கு நம்பர் ஆயிற்றா, என்ன குறை சொல்லித் திருப்பியிருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் போதும். உங்கள் தம்பிக்கு அந்த ஒருவர் நீங்கள்தான். மேல்முறையீட்டு எண் வந்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை கேளுங்கள். வக்கீல் கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிரபராதி என்று நிரூபிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நிரூபிக்க வேண்டியதில்லை. அவன்தான் செய்தான் என்று சந்தேகமில்லாமல் காட்டுவது போலீஸ் தரப்பின் வேலை, மேல்முறையீட்டிலும் அந்தச் சுமை அங்கேதான் இருக்கிறது. உயர் நீதிமன்றம் சட்டப் பிழையை மட்டும் பார்க்கிற இடம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. முதல் மேல்முறையீட்டில் ஒவ்வொரு சாட்சியையும் ஒவ்வொரு ஆவணத்தையும் மறுபடி முதலிலிருந்து எடைபோட வேண்டும். ஆகவே இது கருணை கேட்டுப் போகிற இடம் இல்லை. "என் தம்பி நல்லவன் ஐயா" என்று நீங்கள் மதுரையில் அழுதால் யார் காதிலும் விழாது, இதைக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். அங்கே பேசுவது காகிதம். அந்தக் காகிதங்களில் இந்த வழக்கு எந்த இடத்தில் ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது என்று காட்டினால் போதும்.

அந்த இடம் எது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: புதன்கிழமை முதல்வர் தனிப்பிரிவுக்கு மனு போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்று. சகோதரி, இந்த வழக்கில் இதுவரை நான் பார்த்ததிலேயே பெரிய ஆவணம் அதுதான். யோசித்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை தம்பியைக் கம்பெனி வாசலில் போலீஸ் கூட்டிப்போனது என்று நீங்கள் புதன்கிழமை அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அப்போது கைது இல்லை, வாக்குமூலம் இல்லை, கம்மல் இல்லை. வெள்ளிக்கிழமை என்ன எழுதப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவே முடியாது. அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் தேதி, நேரம், மனு எண்ணோடு அது பதிவாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் நின்றவனைப் பிடித்தோம் என்பது பொய் என்று அது காட்டிவிட்டால் மற்றதும் ஆட்டம் காணும், ஏனென்றால் அந்தப் பிடித்த கதையின் மேல்தான் வாக்குமூலம், அதன் மேல்தான் கம்மல். கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை அவனை எங்கே, எதற்காக வைத்திருந்தார்கள் என்று அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த மனுவின் ஸ்கிரீன்ஷாட், போனுக்கு வந்த எஸ்.எம்.எஸ். இருந்தால் அழித்துவிடாதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள். அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள்: இந்த எண் கொண்ட மனு எந்தத் தேதியில் வந்தது, எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, அங்கிருந்து என்ன பதில் வந்தது, எல்லாவற்றுக்கும் சான்றளித்த நகல் வேண்டும் என்று. 30 நாளில் பதில் தர வேண்டும். இது விசாரணைக் கோர்ட்டில் தாக்கலாகவில்லை என்பது எனக்குப் புரிகிறது. மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் எடுக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 391-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக வந்திருக்கிற இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 432. கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள், விசாரணையில் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பார்கள். ஆனால் உங்களுடையது நேற்று எழுதிய காகிதம் இல்லை, கைதுக்கு முந்தைய அரசுப் பதிவு. நம்பிக்கையோடு கேட்கலாம்.

இப்போது அந்த வாக்குமூலம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது. போலீஸ் காவலில் இருந்துகொண்டு வேறு யாரிடம் சொன்னாலும், மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் ஒழிய, செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26, புதிய சட்டத்தில் 23. ஸ்டேஷனுக்கு வி.ஏ.ஓ.வையும் கிராம உதவியாளரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதால் அது மாறிவிடாது. அப்படியானால் எதற்கு அந்தக் கையெழுத்து? கம்மலுக்காக. வாக்குமூலத்தில் "அழைத்துப்போனால் எடுத்துக் காட்டுகிறேன்" என்று வருகிற அந்த ஒரு வரி மட்டும், அதன்படி பொருள் கிடைத்தால், செல்லும். நம் ஊர்க் கொலை வழக்குகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது என்பது என் அனுபவம். ஆகவே பறிமுதல் மகஜரை, அதாவது பொருளை எடுத்த இடத்திலேயே சாட்சிகள் கையெழுத்தோடு எழுதுகிற பதிவை, எழுத்து எழுத்தாகப் படியுங்கள். கைது எத்தனை மணி, வாக்குமூலம் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிந்தது, காட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம், அந்த வி.ஏ.ஓ. அன்றைக்கு வேறு எங்காவது பணியில் இருந்தாரா, கம்மல் எந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது, அந்தக் கம்மல் பாட்டியுடையதுதான் என்று அடையாளம் காட்டியது யார். முதல் புகாரில் கம்மல் காணோம் என்று இருக்கிறதா, இல்லை பிறகுதான் நுழைந்ததா என்பதையும் பாருங்கள். எஃப்.ஐ.ஆரின் ஓரத்தில் மாஜிஸ்திரேட் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வாங்கினேன் என்று கையால் எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருப்பார். சின்னதாக, கிறுக்கலாக இருக்கும். சில வழக்குகளில் விடுதலை அங்கிருந்துதான் கிடைத்திருக்கிறது.

ஒரு மனிதன் செய்யாததைச் செய்தேன் என்று சொல்வானா என்று ஊரில் கேட்பார்கள், உங்கள் சொந்தக்காரர்களே கேட்டிருப்பார்கள். சொல்வான். ஜப்பானில் ஹகாமாதா இவாவோ என்று ஒரு முன்னாள் குத்துச்சண்டை வீரர். 1966-ல் அவர் வேலை பார்த்த மிசோ கம்பெனி அதிகாரியின் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். மிசோ என்பது சோயாவைப் புளிக்க வைத்துச் செய்கிற விழுது. இவரைப் பிடித்து நாள்கணக்கில், ஒரு நாளைக்குச் சராசரியாக 12 மணி நேரம் விசாரித்தார்கள். ஒத்துக்கொண்டார். கோர்ட்டில் வந்து இல்லை என்று மறுத்தார். வழக்கு தள்ளாடிக்கொண்டிருந்தபோது, கொலை நடந்து 14 மாதம் கழித்து, ஏற்கெனவே தேடிய கம்பெனியின் மிசோத் தொட்டிக்குள்ளிருந்து ரத்தக்கறையோடு ஐந்து துணிகள் "கிடைத்தன". 1968-ல் மரண தண்டனை. பிறகு மேல்முறையீட்டில் அந்தக் கால்சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள், அவருக்கு ஏறவே இல்லை. அப்படியும் தண்டனை நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் மிசோவில் ஊறிய ரத்தம் சிவப்பாக இருக்குமா என்ற கேள்வியை அவருடைய வக்கீல்கள் விடவில்லை. துணியில் ரத்தத்தை வைத்து மிசோவில் ஊறப்போட்டுப் பார்த்தார்கள், சிவப்பு போய்க் கறுத்துவிட்டது. 2014-ல் அவரை வெளியே விட்டார்கள். 2024 செப்டம்பர் 26-ல், அவருடைய 88 வயதில், ஷிசுவோகா நீதிமன்றம் அந்தத் துணிகளே புலனாய்வாளர்கள் ஜோடித்தவை என்று சொல்லி விடுதலை செய்தது. இத்தனை காலம் அவருக்காகக் கோர்ட் படியேறியது அவருடைய அக்கா ஹிதெகோ, தீர்ப்பன்று அவருக்கு வயது 91. தூக்குக் கைதியாக இருந்ததில் மனம் பேதலித்து, அக்காவையே பார்க்க மாட்டேன் என்று தம்பி திருப்பி அனுப்பிய காலமும் உண்டு, அப்போதும் அவர் போய்க்கொண்டிருந்தார். உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகும் என்று சொல்லவில்லை, ஆகவும் கூடாது. அந்தச் சிவப்பு மாதிரி ஒரு கேள்வி உங்கள் வழக்கிலும் இருக்கிறது, அது அந்தப் புதன்கிழமை மனு.

அடுத்தது திருப்பூர். இதில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. சம்பவத்தின்போது நான் வேறு ஊரில் இருந்தேன் என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும், கோர்ட் அதை இறுக்கமாகத்தான் பார்க்கும். பழைய நடைமுறைச் சட்டத்தின் 313-ஆவது பிரிவில் கேட்கிற கேள்விகளுக்குத் தம்பி என்ன சொல்லியிருக்கிறான் என்று வழக்குக் கட்டில் பாருங்கள். சாட்சிகள் எல்லாம் முடிந்ததும் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரையே கேட்கிற கட்டம் அது, தன் வாயால் கதையைச் சொல்ல அவனுக்கு இருக்கிற வாய்ப்பு. பல கட்டுகளில் 40 கேள்விக்கும் "பொய்", "பொய்", "பொய்" என்று வரிசையாக டைப் அடித்திருக்கும், அவ்வளவுதான். உங்கள் தம்பியும் அப்படியே சொல்லிவிட்டு திருப்பூரைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது பலவீனம்தான். அதனால் வழக்கு முடிந்துவிடாது, ஆனால் உங்கள் வக்கீலுக்கு இதை முதலிலேயே தெரியப்படுத்துங்கள்.

கம்பெனியில் கைரேகை வைத்து உள்ளே போகிற வழக்கமா, இல்லை நோட்டில் கையெழுத்தா? அந்த வாரச் சம்பளச் சீட்டு இருக்கிறதா? மேஸ்திரியும் கூட வேலை பார்த்தவர்களும் இன்னும் அங்கே இருக்கிறார்களா? இந்த வாரமே ஒருவரை அனுப்பி விசாரியுங்கள். டவர் பதிவுகளை செல்போன் கம்பெனிகள் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் இருக்கும் என்று நம்ப முடியாது, ஆகவே காலம் கடந்திருக்கலாம். ஆனால் கொலை வழக்கில் போலீஸ் அந்தப் பதிவை வாங்காமல் இருப்பது அபூர்வம். வாங்கிப் பார்த்து, டவர் திருப்பூரைக் காட்டியதால் கோர்ட்டில் காட்டாமல் விட்டிருந்தால்? தாங்கள் நம்பாமல் ஒதுக்கிவைத்த ஆவணங்களின் பட்டியலையும் எதிர்த் தரப்புக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் அந்தப் பட்டியல் தரப்பட்டதா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

போலீஸ் ஒதுக்கிவைத்த காகிதத்தில் உயிர் இருக்கும் என்பதற்கு மகாராஷ்டிர வழக்கு ஒன்று போதும். 2003-ல் நடந்த கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு ஏழைகளுக்குத் தண்டனை. 2009-ல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்று சொல்லிவிட்டது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரித்து ஆறு பேரையும் விடுதலை செய்தது. சம்பவத்தில் உயிர் தப்பிய பெண், நடந்த சில நாட்களுக்குள் போலீஸ் காட்டிய புகைப்படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார், அவர்களை யாரும் விசாரிக்கவே இல்லை. ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது கோர்ட். 16 வருடம் உள்ளே இருந்தவர்கள்.

நம் பக்கத்திலேயே தேனி மாவட்டம் சுருளி அருவி வழக்கு இருக்கிறது. 2011-ல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது, 2018-ல் ஒருவருக்கு மரண தண்டனை, மதுரைக் கிளையும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரி எடுத்த இடத்திலிருந்து ஆய்வகம் வரை யார் யார் கையில் இருந்தது என்பதற்கு ஒழுங்கான பதிவு இல்லை. இனி அதற்கென்று ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்று நாடு முழுவதுக்கும் உத்தரவும் போட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒருவேளை மதுரையில் தோற்றாலும் நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை.

3 லட்சம் கேட்கிற ஆளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. கதவைச் சாத்துங்கள். அவரால் எதுவும் செய்ய முடியாது, செய்ய முயன்றதாகத் தெரிந்தால் தம்பியின் வழக்குதான் கெடும். அந்தப் பணம் இருந்தால் கட்டு முழுவதையும் நகல் எடுக்கவும், திருப்பூருக்குப் போய்வரவும், வழக்கைப் படித்துவிட்டு வாதாடுகிற வக்கீலுக்கும் செலவழியுங்கள்.

தப்பை ஒத்துக்கொண்டால் சீக்கிரம் வரலாம் என்பதும் வெறும் பேச்சு. கொலை வழக்கில் ஆயுள் கைதியை 14 வருடம் முடியாமல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் தண்டனையைக் குறைத்து வெளியே விட முடியாது, ஆளுநருக்கு அரசியல் சட்டத்தில் இருக்கிற அதிகாரம் தனி, அப்படி வந்தாலும் கொலைகாரன் என்ற பெயர் கூடவே வரும். மேல்முறையீடு நடக்கும்போதே தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடக் கேட்கலாம், பழைய 389, புதிய 430. ஆயுள் தண்டனையில் முதல் மனுவிலேயே கிடைப்பது கஷ்டம், தள்ளுபடி ஆனால் சில காலம் கழித்து மறுபடி போடுங்கள். கடைசியில் குற்றமற்றவர் என்று தெரியப்போகிறவரை அப்பீல் வரும்வரை ஐந்தாறு வருடம் உள்ளே வைத்திருப்பது நீதியாகுமா என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் கேட்டிருக்கிறது. வாய்தா வரும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீல் எடுத்துச் சொல்லட்டும்.

நஷ்டஈடு. உள்ளதைச் சொல்கிறேன்: இதற்கென்று நம் நாட்டில் சட்டம் இல்லை. 2018-ல் சட்ட ஆணையம் 277-ஆவது அறிக்கையில் தப்பான வழக்கில் சிக்கியவர்களுக்கு நஷ்டஈடு தரத் தனிச் சட்டமும் சிறப்பு நீதிமன்றமும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. அப்படியே இருக்கிறது. சுருளி அருவி தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டுவிட்டு, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று விட்டுவிட்டது. காரணமில்லாமல் கைது செய்ய வைத்தவரிடமிருந்து நஷ்டஈடு வாங்கித்தர ஒரு பிரிவு உண்டு, அதன் உச்சவரம்பு 1000 ரூபாய், புதிய சட்டத்திலும் அதே 1000. மற்றபடி ரிட் மனுவில், அதாவது உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேரே போடுகிற மனுவில், கோர்ட் தானாக மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. 1983-ல் பீகாரைச் சேர்ந்த ருதுல் சாவுக்கு, விடுதலையான பிறகும் 14 வருடம் உள்ளே கிடந்ததற்கு 35,000. விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-ல் 50 லட்சம், அவர் வழக்கில் தண்டனை வரை போகவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் எந்தக் கணக்கும் இல்லை. ஒரு இளைஞனின் வயதை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஜெயில் கேட்டுக்கு வெளியே விட்டுவிடுகிற நாடாக இருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் இது உங்களுக்கு இன்றைய கவலை இல்லை, விடுதலை வாங்கிய பிறகு பேசுவோம்.

இறந்துபோன பாட்டியின் வீட்டாரையோ சாட்சி சொன்னவர்களையோ போய்ப் பார்க்காதீர்கள். மனசு கேட்காது, ஒரே தெரு, தெரியும். ஆனால் சாட்சியைக் கலைத்தார்கள் என்று ஒரு புகார் வந்தால் ஜாமீன் மனு அன்றோடு போச்சு. அவர்களும் ஒரு உயிரைப் பறிகொடுத்தவர்கள், கொன்றவன் வெளியே நடமாடுகிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள்மேல் கோபம் வேண்டாம்.

அடுத்த தடவை மனு போட்டுத் தம்பியைச் சிறையில் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். பார்த்தால் உடைந்துவிடுவார் என்று வீட்டிலேயே வைத்திருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது, பார்க்காமல் இருப்பதுதான் அவரைச் சாப்பிட விடவில்லை. போகும்போது தம்பியிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: செவ்வாய்க்கிழமை கம்பெனி வாசலில் ஆரம்பித்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியது வரை, எந்த வண்டி, எந்த ஸ்டேஷன், யார் அடித்தது, யார் சோறு கொடுத்தது, எப்போது கையெழுத்து வாங்கினார்கள், அது வெற்றுத்தாளா எழுதின தாளா, மாஜிஸ்திரேட் என்ன கேட்டார், இவன் என்ன சொன்னான் என்று ஞாபகம் வருகிற வரிசையில் அவன் கையாலேயே எழுதட்டும். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், யாரும் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். அதையும் மனு எண்ணையும் எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் மதுரையில் வக்கீலைப் பாருங்கள்.